ஸ்தாயிப் பயிற்சி அல்ல, எட்டாஞ்சுரப் பயிற்சி

‘வலக்கையால் ஸ்தாயிப் பயிற்சி செய்க.’ பியானோ பாடக் குறிப்புகளைத் தமிழாக்குகிறவர்கள் ‘ஒக்தாவ்’ (ஆங்கிலத்தில் ஆக்டேவ்) என்னும் சொல்லுக்கு இப்படி எழுதுவதை நிறுத்த வேண்டும். மொரீசியசில் இந்தத் தவறு வெறும் ஏட்டுத் தவறாக நிற்பதில்லை. இங்கே ஒரே பிள்ளை ஒரு நாள் மோக்காவின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ச ரி க ம பாடும். மறுநாள் காத்ர் போர்ன் நகரில் பியானோவில் மேற்கத்திய சுரங்களான தோ ரே மி வாசிக்கும். அந்தப் பிள்ளையிடம் ஸ்தாயி என்றால் மேல்ஸ்தாயி வரிசைதான் நினைவுக்கு வரும். உடனே கையை வலப்பக்கம் நகர்த்தி, உயர்ந்த சுரங்களில் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கிவிடும். ஆசிரியர் ‘ஒக்தாவ்’ என்று கேட்டதோ வேறு: பெருவிரல் ஒரு தோவிலும் சுண்டுவிரல் அடுத்த தோவிலுமாக, இரண்டு கட்டைகளையும் ஒன்றாக அழுத்துவது.

ஒக்தாவ், ஆக்டேவ் இரண்டுக்கும் மூலம் லத்தீனின் ‘ஒக்தாவா’. எட்டாவது என்று பொருள். தோவை ஒன்று என்று வைத்து எண்ணினால் எட்டாவதாக வருவது மறுபடியும் தோ. அதிர்வெண் சரியாக இரு மடங்காகும்: 440 ஹெர்ட்ஸ் கொண்ட லா என்னும் சுரத்துக்கு மேலே உள்ள அடுத்த லா 880. சொல்லின் வரலாறு இவ்வளவுதான்.

ஸ்தாயி ‘நில்’ என்னும் பொருள்கொண்ட வடமொழி வேரிலிருந்து வந்தது. மந்திரம் (கீழ்), மத்தியம் (நடு), தாரம் (மேல்) என்று குரல் உலவும் மூன்று பகுதிகளுக்கு அது பெயர். பகுதியின் பெயரை, ஒக்தாவ் என்னும் இரு சுரங்களின் இடைவெளிக்கு வைத்தால் என்ன ஆகும்? மத்திய ஸ்தாயி ரியையும் அதற்கு எட்டாவதான ரியையும் சேர்த்து அழுத்துங்கள். கீழ் ரி மத்திய ஸ்தாயி, மேல் ரி தார ஸ்தாயி. சட்ஜமும் அப்படியே, மேல் ச தார ஸ்தாயியின் முதல் சுரம். எந்தச் சுரத்தை எடுத்தாலும் ஒக்தாவின் இரு முனைகளும் இரண்டு வேறு ஸ்தாயிகளில்தான் விழும். இரண்டு ஸ்தாயிகளைத் தொடுகிற ஒன்றுக்கு ஸ்தாயி என்றே பெயர் வைப்பதைப் பாட்டு தெரிந்த எவரும் ஏற்க மாட்டார். தோவிலிருந்து தோ வரை எண்ணிப் பார்த்ததோடு நின்றுவிட்டதால் வந்த பிழை இது.

‘இந்தப் பியானோவில் ஏழு ஒக்தாவ்’ என்னும்போது பொருள் பகுதிதான். அங்கே ஸ்தாயி பொருந்தும்; அதற்கான பழந்தமிழ்ச் சொல்லான மண்டிலம் இன்னும் நன்று. 88 கட்டைகளில் அடி லாவிலிருந்து ஏழு மண்டிலம் முடிந்து, மேலே மூன்று கட்டைகள் மிஞ்சும். குரலின் மூன்று மண்டிலங்களுக்கும் மெலிவு, சமன், வலிவு என்று சிலப்பதிகாரத்திலேயே சொல் இருக்கிறது. அவற்றை மறந்துவிட்டுப் புதுச்சொல் தேடுவது எனக்கு உடன்பாடில்லை.

தூய தமிழ் வேண்டுவோர் ‘எண்மம்’ என்கிறார்கள். நோக்கம் நல்லது, சொல் தவறு. முதலாவதாக, கணினித் தமிழில் எண்ம என்பது டிஜிட்டலைக் குறித்துவிட்டது. ‘எண்மப் பியானோ’ என்றால் மின்சாரத்தில் ஓடும் பியானோ என்றுதான் படிப்பவர் கொள்வார்; ‘எண்மப் பியானோவில் எண்மம் வாசித்தல்’ என்று எழுதும் நிலை வரும். இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. எண்மம் எட்டின் தொகுதி போல ஒலிக்கிறது. அப்படியானால் இரண்டு எண்மம் பதினாறாக வேண்டும். ஆனால் இசைத்தாளில் இரண்டு ஒக்தாவ் மேலே வாசிக்கச் சொல்லும் குறி 15. நடுவிலுள்ள தோ முதல் எட்டுக்கு முடிவாகவும் அடுத்த எட்டுக்குத் தொடக்கமாகவும் இருப்பதால், அதை ஒரு முறைதான் எண்ணுகிறோம். எட்டு என்பது இங்கே தொகை அல்ல, வரிசை எண்.

‘எட்டுக்கட்டை’ வேண்டவே வேண்டாம். ஐந்தரைக் கட்டை, ஆறு கட்டை என்று பாடகரின் சுருதியைச் சொல்லும் வழக்கோடு அது மோதும்.

ஆகவே என் சொல் எட்டாஞ்சுரம். ஐந்தாம் சுரம், ஆறாம் சுரம் என்று மற்ற இடைவெளிகளுக்கும் அதே அச்சு கிடைக்கிறது. ‘சொல்லும்போது ஒக்தாவ் என்றே விட்டால் என்ன?’ என்பார்கள். பேச்சில் விடலாம். எழுத்தில் விட எனக்கு மனமில்லை. 1998இல் வந்த புது மொரீசியஸ் ரூபாய்த் தாள்களில் தமிழுக்கு மேலே இந்தி ஏறியபோது, அந்தத் தாள்களே திரும்பப் பெறப்படும் வரை வாதாடிய தீவு இது.

சொல் தாங்குமா என்பதைப் பயிற்சிக் குறிப்பில்தான் பார்க்க வேண்டும். எட்டாஞ்சுரப் பயிற்சியை நேராக எட்டில் தொடங்காதீர்கள். எட்டு வெள்ளைக் கட்டைகளின் மொத்த அகலம் ஏறத்தாழ 19 செ.மீ.; சின்னக் கைக்கு முதலில் ஆறாம் சுரம் போதும். பெருவிரலும் சுண்டுவிரலும் முனைகளில் நிற்க, நடு மூன்று விரல்களும் சற்றே மேலெழுந்திருக்க வேண்டும். தொங்கினால் இடையிலுள்ள கட்டை உரசி வேண்டாத சுரம் கேட்கும். முதலில் பெருவிரலின் வரியை மட்டும் வாசியுங்கள், பிறகு சுண்டுவிரலின் வரியை மட்டும், அதன்பின் இரண்டையும் சேர்த்து. கை எட்டாஞ்சுர அகலத்திலேயே விரிந்திருக்கட்டும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில், ஒரு தட்டுக்கு இரண்டு எட்டாஞ்சுரம். நான்கு முறை வாசித்து மணிக்கட்டைத் தளர விட்டு மறுபடி தொடங்குங்கள். கறுப்புக் கட்டை வந்தால், கை எட்டினால், சுண்டுவிரலுக்குப் பதில் நான்காம் விரல் (மோதிர விரல்). சுரங்கள் அறுபடாமல் தொடரும். வெள்ளைக் கட்டைகளையும் கறுப்பின் ஓரத்தை ஒட்டியே தொட்டால் கை முன்னும் பின்னும் அலைய வேண்டியதில்லை. முன்கை இறுகிச் சுட்டால் மணிக்கட்டு பூட்டிக்கொண்டது என்று பொருள். வேகத்தைக் குறைத்தால் மட்டும் அது தீராது. உடனே நிறுத்தி, கையைத் தொங்கவிட்டு, வலி முழுக்கப் போன பிறகுதான் தொடர வேண்டும்.

மேலே உள்ள பயிற்சிப் பத்தியில் எட்டாஞ்சுரம் வரும் இடங்களில் ஸ்தாயி என்று போட்டுப் படித்துப் பாருங்கள். எந்தக் கட்டையில் எந்த விரல் என்று பிள்ளைக்கு விளங்காது.