பஞ்சர் கடையில் வாயு விதி

மே மாதம். விடியற்காலை வேலூரில் 27 டிகிரி. கார் டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று பிடித்திருக்கிறோம். உச்சி வெயிலில் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர் வரை போய் வருவதற்குள், தார்ச் சூடும் உருண்ட சூடும் சேர்ந்து டயருக்குள் இருக்கும் காற்று 57 டிகிரிக்கு ஏறிவிட்டது. இப்போது கேஜ் எவ்வளவு காட்டும்?

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் விடை 70. வெப்பநிலை ஏறினால் அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறும் என்று படித்ததை வைத்து, 33-ஐ 57-ஆல் பெருக்கி 27-ஆல் வகுத்துவிடுகிறார்கள். விதியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். எண்ணத் தொடங்கிய இடம்தான் தப்பு.

காற்றின் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடி டயரின் உட்சுவரில் மோதுவதுதான் அழுத்தம். சூடேறினால் இன்னும் வேகமாக, இன்னும் அடிக்கடி மோதும். செல்சியஸில் 0 என்பது தண்ணீர் உறையும் புள்ளி, அவ்வளவுதான். அந்தக் குளிரிலும் மூலக்கூறுகள் பாய்ந்துகொண்டுதான் இருக்கும். அந்த ஓட்டத்தை அளக்க மைனஸ் 273.15-லிருந்து எண்ண வேண்டும். 1848-ல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, முன்வைத்த அளவுகோல் இது. அதன்படி காலையில் 300, மதியம் 330. ஏறியது பத்து சதவீதம் மட்டுமே.

அப்படியானால் 36.3 தானே? அதுவும் இல்லை. பஞ்சர் கடையில் சும்மா தொங்கும் கேஜைப் பாருங்கள், முள் சுழியத்தில் நிற்கும். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள காற்று எந்நேரமும் சுமார் 14.7 பி.எஸ்.ஐ. அழுத்திக்கொண்டிருக்கிறது. (கடல் மட்டக் கணக்கு இது. வேலூரில் கொஞ்சம் குறையும்.) கேஜ் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. ஆகவே முதலில் 33 + 14.7 = 47.7. அதில் பத்து சதவீதம் ஏற்றினால் 52.5. மறுபடி 14.7-ஐக் கழித்தால் கேஜில் 37.8.

“ஓடி வந்த சூட்டோட காத்து பார்க்காதீங்க சார், காலைல வாங்க” என்று பஞ்சர் கடைக்காரர் சொல்வது இதனால்தான். சூடான டயரில் 37.8 காட்டுகிறதே என்று பயந்து 33-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 28.7 தான் இருக்கும். காற்று குறைந்த டயர் அதிகமாக நசுங்கும். நசுங்க நசுங்க இன்னும் சூடாகும். கோடையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சூத்திரத்தை எடுக்கும் முன் எது மாறவில்லை என்று கேட்டுக்கொண்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும். டயரில் கனஅளவும் மோலும் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு) ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஏலகிரிக்கு எடுத்துப் போகும் சிப்ஸ் பாக்கெட்டில் வேறு கதை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடிக்கையில் பாக்கெட் உப்பி விம்மி நிற்கும். உள்ளே மோல் மாறவில்லை. ஆனால் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம், வேலூரில் இருந்ததைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் கனஅளவு கூடும் என்று ராபர்ட் பாயில் 1662-ல் சொன்னது இதைத்தான். மலைக் குளிர் பாக்கெட்டைக் கொஞ்சம் சுருக்கவும் பார்க்கும். அடிவாரத்தில் 37, மேலே 27 டிகிரி என்றால் அந்தச் சுருக்கம் மூன்று சதவீதம்தான். உப்பல்தான் ஜெயிக்கும்.

சரி, வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் இதே கணக்கைப் போடலாமா? கூடாது. 14.2 கிலோவில் பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. மேலிருக்கும் வாயுவை அடுப்பு எடுக்க எடுக்க, திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு அல்ல. அதனால் எவ்வளவு கேஸ் மிச்சம் என்பதைக் கேஜ் வைத்துச் சொல்ல முடியாது. தராசில் வைத்து, சிலிண்டர் மேல் எழுதியிருக்கும் காலி எடையைக் கழித்துப் பார்க்க வேண்டும்.