திருட்டு அலாரத்துக்கு மௌனமும் ஒரு சேதி

எங்கள் தெருமுனை அடகுக் கடையில், ஷட்டரின் அடிப்பட்டைக்கு உட்புறம் சோப்புக்கட்டி அளவில் ஓர் உலோகத் துண்டு திருகியிருக்கிறது. அதற்கு நேர் கீழே தரையில் அதேபோல் இன்னொன்று. தரையில் இருப்பதிலிருந்து மட்டும் ஒரு ஒயர் சுவரேறிப் போகிறது. ஷட்டரில் இருப்பது வெறும் காந்தம். தரைத் துண்டுக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் தொட்டும் தொடாமலும் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரிந்துவிடும். இதுதான் ரீட் ஸ்விட்ச். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எல்வுட் என்பவர் உருவாக்கியது.

இதில் மின்சாரம் எப்போது ஓடும்? ஷட்டரைத் தூக்கியதும் மின்சாரம் பாய்ந்து மணி அடிக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். கடை மூடியிருக்கும் இரவு முழுக்க அந்த ஒயரில் துளி மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஷட்டர் நகர்ந்தால் அது நிற்கும். நின்றால்தான் அலாரம்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1853இல் மாசசூசெட்ஸின் சாமர்வில்லைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸல் போப் என்ற போதகர் மின்காந்தத் திருட்டு மணிக்குக் காப்புரிமை வாங்கினார். கதவோ ஜன்னலோ திறந்தால் சுற்று இணைந்து மணி அடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் ஒயரை முதலிலேயே நறுக்கிவிட்டால் அந்த மணி வாயே திறக்காது. மின்சாரத்தை எப்போதும் ஓடவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நறுக்குவதும் கதவைத் திறப்பதும் மணிக்கு ஒன்றுதான்.

சரி, கொஞ்சம் விவரமான திருடன் நறுக்க மாட்டான். ஒயருக்குள் இருக்கும் இரண்டு கம்பிகளையும் சீவி ஒன்றோடொன்று முறுக்கிவிடுவான். சுற்று மூடியேதான் இருக்கிறது என்று அலாரம் நம்பிக்கொண்டிருக்கும். இதற்கு மாற்று, சில காசு விலையுள்ள ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தைக் குறிப்பிட்ட அளவு தடுக்கும் சின்ன உதிரி. 2,200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒயரின் கடைக்கோடியில், சென்சாருக்குள்ளேயே அதைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டியான கன்ட்ரோல் பேனல் இப்போது மின்சாரம் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு தடை என்று அளந்துகொண்டே இருக்கிறது. 2,200 ஓமை ஒட்டி இருந்தால் நிம்மதி. அளவே இல்லாமல் எகிறினால் கதவு திறந்திருக்கிறது, அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் யாரோ ஒயரை முறுக்கியிருக்கிறார்கள். உங்கள் கடையில் பேனலைத் திறக்கும்போது ரெசிஸ்டர்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே வரிசையாகத் தொங்கினால், மாட்டியவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேளுங்கள். அங்கே இருந்து அவற்றால் ஒரு பயனும் இல்லை. திருடன் வழியில் எங்கே முறுக்கினாலும் பேனலுக்குத் தெரியப்போவதில்லை.

ஷட்டரை விட்டுச் சுவரைத் துளைத்து வருகிறவனுக்கு என்ன செய்வது? அவனுக்காகத்தான் அறை மூலையில் வெள்ளைப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பி.ஐ.ஆர். (பாஸிவ் இன்ஃப்ராரெட்) சென்சார் என்பார்கள். அது எதையும் வெளியே அனுப்புவதில்லை, வருகிற வெப்பத்தை மட்டும் பார்க்கிறது. மனித உடம்பிலிருந்து 9, 10 மைக்ரான் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிர் எந்நேரமும் கிளம்பிக்கொண்டிருக்கிறது. கண்ணாடி அதை விடாது, பாலித்தீன் விடும். அதனால்தான் அந்தப் பெட்டியின் முகம் பால் நிறப் பிளாஸ்டிக். அதன் வரிப்பள்ளங்கள் அறையைத் தனித்தனிக் கீற்றுகளாகப் பிரித்து, உள்ளே அடுத்தடுத்து இருக்கும் இரண்டு உணரிகள்மேல் குவிக்கின்றன. இரண்டும் எதிரெதிராக இணைக்கப்பட்டவை. அறை முழுக்க மெல்லச் சூடேறினால் ஒன்றை மற்றொன்று சரிக்கட்டிவிடும். ஆள் கடந்து போனால் முதலில் ஒன்றில், அப்புறம் மற்றதில் வெப்பம் படும். அந்த ஏற்ற இறக்கம்தான் அடையாளம். நேராகச் சென்சாரை நோக்கி வருபவனைவிடக் குறுக்கே நடப்பவனை அது சுலபமாகப் பிடிப்பதும் இதனால்தான்.

நம் ஊர் வெயில் இதற்கு ஒரு சோதனை. மனிதத் தோலின் வெப்பம் சுமார் 33, 34 டிகிரி. மே மாதத்தில் பூட்டிய கடையின் சுவரும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இருந்தால், ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசமே குறைந்துபோகிறது. நல்ல சென்சார்கள் அறையின் வெப்பத்தையும் அளந்து, அந்த நேரத்தில் கூர்மையைக் கூட்டிக்கொள்ளும். இன்னொரு தலைவலி பல்லி. தூரத்தில் ஓடும் பல்லி ஒரு பொருட்டல்ல. பெட்டியின் முகத்திலுள்ள லென்ஸ் மேலேயே ஊர்ந்தால் சென்சாருக்கு அது யானை. ஆகவே சில பெட்டிகளில், அலைகளை அனுப்பி அவை திரும்பும் விதத்தில் அசைவை அறியும் மைக்ரோவேவ் உணரியும் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் கூச்சல்.

மின்வெட்டுக்குப் பேனலுக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். மொத்தக் கருவிகளும் 150 மில்லி ஆம்பியர் இழுத்தால், கணக்குப்படி 46 மணி நேரம். நாள்பட்ட பேட்டரி அதில் பாதி தாங்கினாலே பெரிது. வருஷம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்ப்பது நல்லது.

சைரன் அலறுகிறது. அலறி என்ன பிரயோஜனம்? பக்கத்து வீட்டுக்காரர் புரண்டு படுப்பார். அதனால் பேனல் தொலைவில் உள்ள கண்காணிப்பு மையத்துக்கும் சேதி அனுப்புகிறது. பரவலாகப் புழங்கும் ஒரு முறையில் அது வெறும் 16 இலக்கம், போனில் எண்ணை அழுத்தும்போது வருமே அதே ஒலிகளில்:

1234 18 1130 01 009 1

1234 கடையின் கணக்கு எண். 18 சேதியின் வகை. அடுத்த 1, புதிய நிகழ்வு. 130 என்றால் திருட்டு. 01 பிரிவு, 009 எந்தச் சென்சார் என்பது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு: பூஜ்ஜியத்தைப் பத்தாக எண்ணி எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 75 வரும். இந்தக் கூட்டுத்தொகை 15ஆல் மீதியில்லாமல் வகுபடாவிட்டால், வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது.

இணைப்பையே அறுத்துவிட்டால்? சிம் சிக்னலை ஜாமர் வைத்து முடக்கிவிட்டால்? இங்கேயும் ஷட்டர் ஒயரின் தந்திரம்தான். ஒன்றும் நடக்காத நாளிலும் பேனல் குறித்த நேரத்தில் 602 என்றொரு ‘நலம்’ அனுப்பும். இணையவழி என்றால் இது சில நிமிடத்துக்கு ஒருமுறைகூட நடக்கும். வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் மையத்தின் திரையில் சிவப்பு விழும். ஒரே சென்சார் மட்டும் கத்தியிருந்தால் அங்கிருப்பவர் காற்றோ பல்லியோ என்று யோசித்து முதலில் உரிமையாளரைக் கூப்பிடுவார். ஷட்டர், அப்புறம் உள்ளறை என்று வரிசையாக வந்தால் யோசிக்க மாட்டார்.

கீபேடில் ஒரு ரகசிய எண்ணும் உண்டு. கடைக்காரர் கழுத்தில் கத்தியை வைத்து அலாரத்தை அணைக்கச் சொன்னால், வழக்கமான எண்ணுக்குப் பதில் அவர் இதை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரியும், சைரன் கம்மென்று இருக்கும், திருடன் தலையாட்டுவான். அதே நேரத்தில் மையத்தின் திரையில் 121 என்று வந்து விழுந்திருக்கும்.