குளிர்காலக் கோட்டுக்குள் இறகு இருப்பதால் அது இறகுப் பொருள் ஆகிவிடாது

‘வின்டர் ஜாக்கெட், 1000 எண்ணம், எச்.எஸ். கோடு 6701.’ இன்வாய்ஸில் இவ்வளவுதான். (எச்.எஸ். கோடு என்பது சுங்க வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்.) ஆண்களுக்கா பெண்களுக்கா, நெய்த துணியா பின்னல் துணியா, பூச்சு உண்டா இல்லையா, எந்த இழை எத்தனை சதவீதம், எதுவும் இல்லை. சரக்கு துறைமுகத்தில் இறங்கிய பிறகு இந்தத் தாளைக் கொடுத்து ‘இன்றைக்கே கிளியர் பண்ணுங்கள்’ என்றால், சுங்க முகவர் எதை வைத்து அறிவிப்பைத் தாக்கல் செய்வார்? ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் இதே தாள்தான் வருகிறது. விடை கிடைக்கும்வரை கன்டெய்னர் நிற்கிறது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறுகிறது. கடையில் கோட்டு விற்க வேண்டிய வாரங்கள் கிடங்கிலேயே கழிந்துவிடுகின்றன.

முதலில் அந்த 6701. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் சேர்ந்தால் தலைப்பு. பறவை இறகு, தூவி (மென்மையான உள்ளிறகு), அவற்றால் ஆன பொருட்கள் என்பது அந்தத் தலைப்பு. ‘உள்ளே வாத்துத் தூவிதானே சார் இருக்கு, விலையே அதுக்குத்தானே?’ என்று கேட்கிறார்கள். விலை அதற்காக இருக்கலாம், வகைப்பாடு அதற்காக இல்லை. 67ஆம் அத்தியாயத்தின் 2ஆம் குறிப்பைத் திறந்து படியுங்கள். இறகோ தூவியோ வெறும் அலங்காரமாகவோ உள்ளடைப்பாகவோ மட்டும் இருக்கும் உடைகள் 6701இல் வராது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. யாருடைய அபிப்பிராயமும் அல்ல, சட்டக் குறிப்பு. தலைப்பின் வாசகமும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும்தான் வகைப்பாட்டைத் தீர்மானிக்கும் என்று எச்.எஸ். முறையின் முதலாவது பொது விதி சொல்கிறது. சப்ளையர் அனுப்பிய கோடும், போன வருடம் பக்கத்துக் கடைக்காரர் போட்ட கோடும் அந்த விதிக்கு முன்னால் நிற்காது.

குளிர்காலக் கோட்டை வகைப்படுத்துவது அதன் வெளித்துணி. உள்ளே இருப்பது வாத்துத் தூவியோ, பாலியஸ்டர் பஞ்சோ, பருத்தியோ, முதல் ஆறு இலக்கம் மாறாது. லைனிங் பட்டா பாலியஸ்டரா என்பதாலும் மாறாது. வெளியே நெய்த நைலான், ஆண்கள் கோட்டு, துணியில் பூச்சு இல்லை என்றால் 6201.40. அதே துணியில் பெண்கள் கோட்டு 6202.40. வெளித்துணி பின்னலாக இருந்தால் அத்தியாயம் 62 போய் 61 வரும். ஆண்களுக்கு 6101, பெண்களுக்கு 6102. உள்ளடைத்த, கையில்லாத பஃபர் வெஸ்ட்டும் இந்தத் தலைப்புகளிலேயே அடங்கும், கை இல்லை என்பதால் வேறிடம் தேட வேண்டாம். பேட்டரி வைத்துச் சூடேற்றும் ஜாக்கெட்டும் உடைதான், 85ஆம் அத்தியாயத்து மின்சாதனம் அல்ல. அதன் லித்தியம் பேட்டரிக்கான கப்பல், விமான ஆவணங்கள் வேறு விஷயம்.

நெய்ததா பின்னலா என்று இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எலாஸ்டேன் கலந்த நெய்த துணியும் நன்றாக இழுபடும். உருப்பெருக்கியில் பாருங்கள். பாவும் ஊடையும் செங்குத்தாகக் குறுக்கிட்டால் நெய்தது. கண்ணி கண்ணியாகக் கோத்திருந்தால் பின்னல். சாஃப்ட்ஷெல்லில் மட்டும் கண்ணை நம்ப வேண்டாம். வெளியே ஒரு துணி, நடுவே படலம், உள்ளே ஃபிளீஸ் என்று ஒட்டியிருப்பார்கள், அதை ஆய்வகம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

‘நிரப்பல் முக்கியமில்லை என்றால் அதன் எடையை ஏன் கேட்கிறீர்கள்?’ நியாயமான கேள்வி. உலகச் சுங்க அமைப்பின் முறை ஆறு இலக்கத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் விருப்பத்துக்கு எட்டு, பத்து இலக்கம்வரை உட்பிரிவு போடுகிறது. அங்கே நிரப்பல் திரும்பவும் உள்ளே வரலாம். அமெரிக்கத் தீர்வைப் பட்டியலில் 6201.40இன் கீழ் செயற்கை இழைக் கோட்டுக்குப் பொது விகிதம் 27.7 சதவீதம். அந்த நாட்டுச் சோதனையில் தேறிய நீர்தாங்கும் கோட்டுக்கு 7.1 சதவீதம். தூவி வரம்பைத் தொட்டால் 4.4 சதவீதம். இவை அடிப்படை விகிதங்கள் மட்டுமே, நாட்டுக்கு நாடு விதிக்கும் கூடுதல் வரிகள் இதற்கு மேல். ஒன்று 40 டாலர் வீதம் 1000 கோட்டு என்றால் வரி 11,080 டாலரா, 2,840ஆ, 1,760ஆ என்பது பட்டியலின் எந்த உட்பிரிவு என்பதில் தொங்குகிறது.

தூவி வரம்பு இரண்டு வழியில் எட்டப்படும். கோட்டின் மொத்த எடையில் தூவியும் நீர்ப்பறவை இறகும் சேர்ந்து 15 சதவீதமாவது இருந்து, அந்த நிரப்பலில் தூவி மட்டும் 35 சதவீதமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மொத்த எடையில் தூவி மட்டும் 10 சதவீதமாவது இருக்க வேண்டும். 900 கிராம் கோட்டில் 120 கிராம் நிரப்பல் என்று வையுங்கள். அது 13.3 சதவீதம், முதல் வழி அடைபட்டது. நிரப்பல் 80/20, அதாவது தூவி 80, இறகு 20 சதவீதம் என்றால் தூவி 96 கிராம், மொத்தத்தில் 10.7 சதவீதம், இரண்டாம் வழியில் தேறிவிடும். அதே கோட்டில் 60/40 நிரப்பினால் தூவி 72 கிராம், 8 சதவீதம்தான். தேறாது. லேபிளில் ‘டவுன் ஜாக்கெட்’ என்று இருப்பதால் எதுவும் நடக்காது, தராசில் வைத்த எண் வேண்டும். அளவுக்கு அளவு இந்த விகிதம் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். சிறிய அளவில் தேறிய கோட்டு பெரிய அளவில் தேறாமல் போகலாம்.

அடுத்தது ‘கம்பளிக் கோட்டு’. லேபிள் இப்படி இருக்கும்: கம்பளி 45, பாலியஸ்டர் 30, அக்ரிலிக் 25. கம்பளிதானே முதலிடம், கம்பளி என்று போட்டுவிடுகிறார்கள். தவறு. எடையில் எது மேலோங்குகிறது என்று பார்க்கும்போது முதலில் அத்தியாயம், பிறகுதான் தலைப்பு. செயற்கை இழைகளுக்கான 54, 55 அத்தியாயங்கள் இரண்டையும் ஒரே அத்தியாயமாகக் கொள்ள வேண்டும் என்று ஜவுளிக்கான 11ஆம் பிரிவின் 2ஆம் குறிப்பு சொல்கிறது. பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் சேர்ந்து 55. இது செயற்கை இழைக் கோட்டு. விஸ்கோஸ் கலந்திருந்தாலும் அந்தப் பக்கம்தான் கூட்ட வேண்டும். எதிர்த் திசையிலும் இதே கணக்கு: கம்பளியும் கேஷ்மியரும் 51ஆம் அத்தியாயத்தில் ஒன்றாக இருப்பவை, அவற்றைச் சேர்த்துக் கூட்டுங்கள். கணக்கு வெளித்துணிக்கு மட்டும். லைனிங்கின் சதவீதத்தை இதில் கலந்துவிட்டால் எல்லாம் குழம்பும்.

பூச்சு. மழைக்குத் தாங்கும் எல்லாக் கோட்டும் 6210 அல்ல, சாதாரணமாகத் தெரியும் எல்லாக் கோட்டும் 6201 அல்ல. வெளித்துணியில் பிளாஸ்டிக் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் அந்தத் துணி 5903, அதாவது பிளாஸ்டிக் பூசிய அல்லது ஒட்டிய துணி. அதில் தைத்த கோட்டு 6210க்குப் போகும், 6201, 6202ஐ அது முந்திக்கொள்ளும். பூச்சால் நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கணக்கில்லை. தண்ணீர் உருண்டு ஓடச் செய்யும் மெல்லிய நீர்விலக்கி முறையும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் படலம் ஒட்டிய லேமினேட் துணிக்கு இந்தக் கண் சோதனை பொருந்தாது. வெட்டுமுகத்தில் படலம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது 5903தான் என்று 2022 பதிப்பில் 59ஆம் அத்தியாயத்தில் புதிய 3ஆம் குறிப்பே சேர்த்துவிட்டார்கள். இன்னும் பழைய வாதத்தோடு வருகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். இன்னொரு சிக்கல்: பூச்சு துணியின் உள்பக்கம் இருக்கும், லைனிங் அதை மூடியிருக்கும். தைத்து முடித்த கோட்டை எத்தனை முறை புரட்டினாலும் தெரியாது. அதனால்தான் லைனிங் வைக்காத வெளித்துணித் துண்டு ஒன்றைத் தனியாகக் கேட்கிறோம்.

2022ஐச் சொன்னதும் இதையும் சொல்லிவிட வேண்டும். 6201.13, 6201.93 போன்ற உட்தலைப்புகள் அந்த ஆண்டோடு போய்விட்டன. ஓவர்கோட்டு, அனோராக் (காற்றுத்தடுப்பு ஜாக்கெட்) என்ற பிரிவினை நீங்கி, 6201லும் 6202லும் இப்போது கம்பளி .20, பருத்தி .30, செயற்கை இழை .40, மற்றவை .90. இன்னமும் பழைய கோடு அச்சடித்த பேக்கிங் லிஸ்ட் வருகிறது. தயவுசெய்து டெம்ப்ளேட்டை மாற்றுங்கள்.

ஆணா பெண்ணா என்பதற்கும் விதி இருக்கிறது. முன்பக்கம் இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் மூடினால் ஆண்கள் உடை. வலம் இடத்தின் மேல் மூடினால் பெண்கள் உடை. வெட்டிய விதமே தெளிவாகக் காட்டினால் அது மேலோங்கும். எப்படிப் பார்த்தும் பிரிக்க முடியாத ‘யுனிசெக்ஸ்’ கோட்டு பெண்கள் தலைப்புக்குப் போகும், பாதிக்குப் பாதி பிரித்துப் போட இடமில்லை. 86 செ.மீ. உயரத்துக்கு மிகாத குழந்தைக்கான கோட்டு 6111 அல்லது 6209.

ஃபர் விஷயத்தில் ஏற்படும் தவறுகள் பணத்தோடு நிற்பதில்லை. கழுத்துப்பட்டையிலும் தொப்பி ஓரத்திலும் வெறும் அலங்காரமாக ஒட்டிய ஃபரால் கோட்டு ஜவுளி என்ற நிலை மாறாது. லைனிங் முழுக்க உண்மையான ஃபர் என்றாலோ, வெளியே அலங்கார அளவைத் தாண்டி இருந்தாலோ ஃபர் உடைகளுக்கான 4303. உரோமம் நீக்காத ஆட்டுத்தோல் ஷியர்லிங் கோட்டும் 4303தான், அதைத் தோல் உடை என்று 4203இல் போடக் கூடாது. செயற்கை ஃபரில் எல்லோரும் தலைகீழாக நினைக்கிறார்கள். 4304 என்பது இழைகளைத் துணியிலோ தோலிலோ ஒட்டியோ தைத்தோ செய்த போலி ஃபருக்கு. கடைகளில் தொங்கும் ‘ஃபாக்ஸ் ஃபர்’ கோட்டுகளில் பெரும்பாலானவை பின்னி எடுத்த மயிர்த்துணி. அவை 4304 அல்ல, பின்னலாடை அத்தியாயம். உண்மையான ஃபர் என்றால் எந்த விலங்கு என்று எழுத்தில் வாங்குங்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் அந்த விலங்கு இருந்தால் அனுமதிச் சீட்டு இல்லாமல் சரக்கு நகராது. நாய், பூனை ஃபர் அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அறவே தடை. ‘ட்ரிம் மட்டும்தானே’ என்பது அங்கே பதில் ஆகாது.

கோட்டும் கால்சட்டையும் ஒரே பையில் போட்டு ‘செட்’ என்று எழுதினாலும், வெவ்வேறு தலைப்புக்கு உரிய ஜவுளி உடைகளை அததன் தலைப்பில்தான் பிரித்துக் காட்ட வேண்டும், 11ஆம் பிரிவின் 14ஆம் குறிப்பு. ஸ்கீ சூட் போன்றவற்றுக்குத் தனி விளக்கம் உண்டு.

மதிப்பைப் பற்றிச் சுருக்கமாக. இன்வாய்ஸ் விலையோடு முடியாது. தூவியையோ ஜிப்பையோ லேபிளையோ நீங்கள் இலவசமாகத் தையல் ஆலைக்கு அனுப்பியிருந்தால் அதன் மதிப்பு சேரும். விற்பனையின் நிபந்தனையாகப் பிராண்டுக்குக் கட்டும் ராயல்டியும் சேரும். உங்கள் சார்பில் வாங்கித் தருகிற ஏஜென்ட்டின் கமிஷன் சேராது. கப்பல் கூலி சேருமா என்பதை உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டிருக்கிறது. இதை மறைத்தால் பிற்தணிக்கையில் வெளிவரும். வித்தியாச வரி, வட்டி, அபராதம் மூன்றும் சேர்ந்து வரும்போது சப்ளையர் பக்கத்தில் நிற்க மாட்டார். அறிவிப்பில் இறக்குமதியாளராக இருப்பது உங்கள் பெயர்.

ஆர்டர் உறுதி செய்வதற்கு முன், ஒவ்வொரு மாடலுக்கும் இவை கையில் இருக்கட்டும். வெளித்துணி நெய்ததா பின்னலா. இழைவாரியாக எடை சதவீதம். பூச்சு அல்லது படலம் என்ன, எந்தப் பக்கம். நிரப்பலின் வகை, விகிதம், கிராம் எடை, அளவுவாரியாகக் கோட்டின் மொத்த எடை. மூடும் திசை. வெட்டித் தைத்த நாடு, ஏனென்றால் கப்பல் ஏறிய நாடும் உற்பத்தி நாடும் எப்போதும் ஒன்றாக இருக்காது. முழு மாதிரி ஒன்று, லைனிங் இல்லாத துணித்துண்டு ஒன்று. இன்வாய்ஸில் ‘வின்டர் ஜாக்கெட்’ என்று எழுதாமல் ‘ஆண்கள் உள்ளடைத்த அனோராக், நெய்த 100% பாலியஸ்டர் வெளித்துணி, பூச்சற்றது, நிரப்பல் 80% வாத்துத் தூவி 20% இறகு’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுத ஒரு நிமிடம் ஆகாது.

இத்தனையும் வைத்த பிறகும் இரண்டு தலைப்புக்கு நடுவில் நின்றால் ஊகம் வேண்டாம். சரக்கு வருவதற்கு முன்பே வகைப்பாட்டை எழுத்தில் சொல்லும் முன்தீர்ப்புக்குச் சுங்கத்திடம் விண்ணப்பியுங்கள். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான நாடுகளில் இந்த வசதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 3 ஆண்டு செல்லும். அமெரிக்கா, ஐரோப்பா இரண்டின் பழைய தீர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகத் தேடலாம், உங்கள் கோட்டைப் போன்ற ஒன்று அநேகமாக அங்கே கிடக்கும். தீர்ப்பு வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதனால் குளிர்காலத்துக்கான விண்ணப்பத்தைக் கோடையிலேயே போடுங்கள், மாதிரிக் கோட்டோடு அந்தத் துணித்துண்டையும் சேர்த்து.