பயறு இலையில் பூசணக்கொல்லி என்ன செய்கிறது?

பீன்ஸ் இலையில் துருப்புள்ளியைப் பார்த்ததும் மருந்தடிக்கக் கிளம்புவது இயல்புதான். ஆனால் புள்ளி கண்ணுக்குத் தெரியும்போது பூசணம் இலைக்குள் புகுந்து பல நாட்கள் ஆகியிருக்கும். எந்த மருந்து என்பதைவிட எப்போது என்பதே முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

காற்றில் வந்து விழும் துருப் பூசணத்தின் வித்து (விதைபோல் நோயைப் பரப்பும் நுண்துகள், ஸ்போர்), இலையில் சில மணி நேரமாவது ஈரம் நின்றால்தான் முளைக்கும். முளைத்ததும் மெல்லிய குழலை நீட்டி, இலைப்பரப்பைத் தடவியபடி இலைத்துளையைத் தேடுகிறது. 1987-இல் வெளியான ஓர் ஆய்வில், பீன்ஸ் துருப் பூசணத்தை இலையே இல்லாமல் நுண்ணிய வரப்புகள் கொண்ட பிளாஸ்டிக் பரப்பில் வளரவிட்டுப் பார்த்தார்கள். வரப்பின் உயரம் சுமார் அரை மைக்ரோமீட்டராக இருந்தபோது, அதையே இலைத்துளையின் விளிம்பு என்று எடுத்துக்கொண்டு, உள்ளே நுழைவதற்கான உறுப்பைப் பூசணம் உருவாக்கிவிட்டது! கண்ணும் நரம்பும் இல்லாத ஓர் உயிருக்கு இத்தனை நுட்பமான தொடுவுணர்வு.

மேங்கோசெப், தாமிர மருந்துகள் போன்ற தொடு பூசணக்கொல்லிகள் வேலை செய்வது இந்தச் சில மணி நேரத்தில்தான். இலைமேல் படிந்திருந்து, முளைக்கும் வித்தின் பல நொதிகளை ஒரே சமயத்தில் முடக்குகின்றன. உள்ளே போய்விட்ட பூசணத்தை அவை தொடுவதில்லை. மழையில் கரைந்து போகும். தெளித்த பிறகு விடும் தளிருக்கும் காப்பு கிடையாது.

ஊடுருவும் மருந்துகள் இலைக்குள் இறங்குகின்றன. டெபுகோனசோல் போன்ற டிரையசோல்கள், பூசணத்தின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டீரால் உருவாவதைத் தடுக்கின்றன. வித்தில் ஏற்கெனவே கொஞ்சம் எர்கோஸ்டீரால் இருப்பதால் முளைப்பது நிற்காது. அதன் பிறகான வளர்ச்சிதான் நிற்கும். அசாக்சிஸ்ட்ரோபின் வகை மருந்துகளோ மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உற்பத்தியை நிறுத்துகின்றன. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் முளைப்பு நேரத்தில்தான் அவற்றின் பலமும் அதிகம்.

சாம்பல் நோய் வேறு ரகம். அதன் வித்து முளைக்க இலையில் நீர் நிற்க வேண்டியதில்லை. ஆகவே மழை இல்லையே என்று அசந்திருக்கக் கூடாது. கந்தகம் அதற்கு நன்றாகக் கேட்கும், கடும் வெயிலில் தெளித்தால் மட்டும் இலை கருகும்.

விதை நேர்த்தியில் பயறுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் ரைசோபியம் ஒரு பாக்டீரியா. பெயர் பூசணக்கொல்லி என்றாலும் திராம், காப்டான் போன்றவை அதையும் கொல்லக்கூடியவை. இரண்டையும் ஒரே கலவையாகக் கலக்கவே கூடாது. மருந்தை முன்னதாகவே விதையில் பூசி உலர்த்திவிட்டு, ரைசோபியத்தை விதைப்பதற்குச் சற்று முன் சேர்க்க வேண்டும். மண்ணில் தனியாக இடுவது இன்னும் பாதுகாப்பு.

ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதன் விளைவை அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, மொன்டானா மாநிலக் கொண்டைக்கடலை வயல்கள் காட்டின. அங்கே அஸ்கோகைட்டா கருகல் நோய்ப் பூசணத்தில், மருந்து தாக்கும் புரதத்தின் 143-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனைன் என்ற வேறொன்று வந்தது. அந்த ஒரே மாற்றத்தால் அசாக்சிஸ்ட்ரோபின் மட்டுமல்ல, அதன் குடும்பம் முழுவதுமே பயனற்றுப்போனது. கடையில் வேறு பெயரில் வாங்கினாலும் குடும்பம் ஒன்றென்றால் பூசணம் சாகாது. அடுத்த தெளிப்புக்கு வேறு குடும்பத்து மருந்தை எடுக்க வேண்டும், அல்லது மேங்கோசெப் போலப் பல இடங்களில் தாக்கும் ஒன்றைத் துணை சேர்க்க வேண்டும்.