நாணயக் கடிதம்: வங்கி பார்ப்பது ஆவணங்களை, சரக்கையல்ல

மாத்தளையில் மிளகு சேர்த்து டுபாய் வியாபாரி ஒருவருக்கு அனுப்ப நினைப்பவர், சரக்கைக் கப்பலேற்றிய பின் பணம் வராமற்போனால் என்ன செய்வது என்று அஞ்சுவார்; பணத்தை முன்னதாகக் கட்டிவிட்டு மிளகு வராமற்போனால் என்ன செய்வது என்பது அந்த வியாபாரியின் அச்சம். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவருக்கும் நடுவே, வங்கி தன் பெயரில் எழுத்தில் கொடுக்கும் வாக்குறுதியே நாணயக் கடிதம். வழக்கில் இதனை எல்.சி. என்பார்கள்.

டுபாய் வியாபாரி தமது வங்கியில் கடிதத்தைத் திறக்க, அதாவது வங்கி அதை வழங்கும்படி செய்ய, அது வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பும் சுவிஃப்ட் வலையமைப்பின் வழியாக இலங்கை வங்கியொன்றுக்கு வரும். அவ்வங்கி அது மெய்யானதுதானா என்று பார்த்து மாத்தளைக்காரருக்கு அறிவிக்கும். அவர் மிளகைக் கப்பலேற்றி, சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஒஃப் லேடிங், விலைப்பட்டியலான இன்வொய்ஸ், பொருள் இலங்கையில் விளைந்தது என்பதற்கான சான்றிதழ் எனக் கடிதம் கேட்கும் ஆவணங்கள் அனைத்தையும் வங்கியில் ஒப்படைப்பார். அவை நிபந்தனைகளுக்குப் பொருந்தினால் உடனேயோ, தவணைக் கடிதமாயின் குறித்த நாளிலோ பணம் கிடைக்கும்.

பலர் இடறும் இடம் இனித்தான் வருகிறது. வங்கி மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. பரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சம்மேளனம் வகுத்து 2007 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள யூ.சி.பி. 600 என்னும் நாணயக் கடித விதிகளின்படி, வங்கிகள் ஆவணங்களை மட்டுமே கையாளுகின்றன. மிளகு முதல்தரமாக இருந்தாலும், கப்பலேற்றிய திகதி ஒரு நாள் பிந்தினால் வங்கி பணம் கொடுக்க மறுக்கலாம். தரம் பற்றிய கவலையுள்ள கொள்வனவாளர், பரிசோதனைச் சான்றிதழையும் ஆவணங்களில் ஒன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடிதத்தில் வேறு காலம் குறிக்கப்படாவிட்டால், கப்பலேற்றி 21 நாட்களுக்குள், கடிதம் காலாவதியாகுமுன், ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும். அவற்றைப் பரிசீலிக்க வங்கிக்கு உள்ள அவகாசம் அதிகபட்சம் 5 வங்கி வேலைநாட்கள். அளவு கிலோவில் குறிக்கப்பட்டிருந்தால், கோரும் தொகை கடிதத் தொகையை மீறாதவரை, 5 சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பலாம். மூட்டை எண்ணிக்கையில் குறிக்கப்பட்டிருந்தால் அந்தச் சலுகை இல்லை. காயக் காய நிறை குறையும் மிளகுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. ஆகவே அளவைக் கிலோவிலேயே எழுதும்படி கொள்வனவாளரிடம் கேட்பதே நல்லது என்பது என் துணிபு.

வங்கியின் வாக்குறுதி அந்த வங்கியின் பலத்தைப் பொறுத்தது. 2022இல் டொலர் தட்டுப்பாடு உச்சத்திலிருந்தபோது, எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாணயக் கடிதம் திறக்க நம் வங்கிகள் பட்ட பாட்டை, வரிசையில் காத்து நின்ற மலையக மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். திறக்கும் வங்கியின் மீது ஐயமிருந்தால், இன்னொரு வங்கி கட்டணம் பெற்றுத் தன் வாக்குறுதியையும் சேர்த்துத் தரும் ‘உறுதிப்படுத்தப்பட்ட’ கடிதத்தைக் கேட்கலாம்.

கடிதம் கைக்கு வந்த அன்றே, பெயர், முகவரி, திகதிகள் உட்பட ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்க வேண்டும். திறந்த வங்கியும், உறுதிப்படுத்திய வங்கி இருப்பின் அதுவும், ஏற்றுமதியாளரும் சம்மதித்தாலன்றி எதையும் திருத்த முடியாதாகையால், நிறைவேற்ற இயலாத நிபந்தனை ஏதும் தென்பட்டால், மிளகு மாத்தளையை விட்டுப் புறப்படுமுன்பே திருத்தம் கோர வேண்டும்.