ஒன்பது நாள் விக்கல்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு முப்பதுகளின் நடு வயது. (அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இடது கண் மங்கல், கண்ணை அசைத்தால் வலி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்ற தன் அம்மாவின் குங்குமத்தைப் பார்க்கச் சொன்னேன். வலது கண்ணுக்கு அது சிவப்பு. இடது கண்ணுக்கு வெளிறிய செங்கல் தூள்.

"இதுக்கு முன்னாடி நாள் கணக்கில் விக்கல், வாந்தி இருந்ததா?" என்று கேட்டேன். அம்மா முந்திக்கொண்டார். "ஒன்பது நாள் டாக்டர்! யாரோ விடாம நினைக்கிறாங்கன்னு கேலி பண்ணினோம்." கிளினிக்கில் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்தார்களாம். ஸ்கோப்பும் பார்த்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை. அப்புறம் விக்கல் தானாக நின்றுவிட்டது.

விக்கலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு மூளையின் காவலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாமல், மூளை இரத்தக்குழாயின் உள்சுவரில் செல்கள் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும். தைப்பவை கிளாடின்-5 போன்ற புரதங்கள். தையல் பிரியாமலிருக்க நூலின் முனையில் முடிச்சு வேண்டுமல்லவா? இசட்ஓ-1 என்ற புரதம்தான் அந்த முடிச்சு. கிளாடினின் வாலைச் செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் இழைகளோடு அது கட்டிவைக்கிறது.

குழாய்க்கு வெளியே இன்னொரு போர்வை: ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச் செல்களின் பாதங்கள். குழாயைத் தொடும் பக்கத்தில் அக்குவாபோரின்-4 என்ற தண்ணீர் வாய்கள் நெருக்கமாக நிற்கும். அவை தாமாக அங்கே நிற்பதில்லை. டிஸ்ட்ரோகிளைக்கன் என்ற புரதம் வெளியே குழாயின் அடிச்சவ்வைப் பற்றிக்கொள்கிறது. உள்ளே டிஸ்ட்ரோஃபின், அதோடு சின்ட்ரோஃபின். இந்தக் கூட்டணிதான் நங்கூரம். எலிகளில் ஆல்பா-சின்ட்ரோஃபினை நீக்கியபோது அக்குவாபோரின் பாதத்தை விட்டுக் கலைந்துபோனது. (டுஷேன் தசைநோய் உள்ள பையன்களின் தசையில் இல்லாமல்போகும் டிஸ்ட்ரோஃபின்தான் இது, பாதத்தில் இருப்பது அதன் குட்டை வடிவம்.)

இந்தப் பெண்ணுக்கு நங்கூரத்தில் கோளாறில்லை. அது பிடித்து நிறுத்திய அக்குவாபோரினையே உடம்பின் எதிர்ப்பொருள் எதிரியாக நினைத்துத் தாக்கியது. நோயின் பெயர் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா. எதிர்ப்பொருளை 2004-இல் கண்டுபிடித்தார்கள். அதன் இலக்கு அக்குவாபோரின்-4 என்பது 2005-இல் தெரிந்தது. ஆஸ்ட்ரோசைட் அழிந்தால் பாதம் உரிந்துபோகும், காவலும் தளரும். கண் நரம்பும் முதுகுத்தண்டும்தான் அதிகம் அடிவாங்கும்.

சரி, விக்கல்? மூளைத்தண்டின் பின்புறம் ஏரியா போஸ்ட்ரீமா என்று ஒரு சிறு இடம். இரத்தத்தில் விஷம் இருக்கிறதா என்று ருசி பார்த்து வாந்தியைக் கிளப்புவது அதன் வேலை. அதனால் அங்கே தையல் தளர்வு, அக்குவாபோரினோ ஏராளம். எதிர்ப்பொருள் சுலபமாக நுழைந்துவிடுகிறது. அந்த இடம் தாக்கப்படும்போதுதான் விக்கலும் வாந்தியும் விடாமல் வருகின்றன.

பெண்களுக்கே இந்நோய் பெரும்பாலும் வருகிறது. 48 மணி நேரம் தாண்டிய விக்கல், காரணம் தெரியாத தொடர் வாந்தி இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள். கண் வலியோடு பார்வை மங்கினாலோ, இடுப்பைச் சுற்றி வார் கட்டியதுபோல் இறுகி, கால் மரத்து, சிறுநீர் அடைத்தாலோ நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு. எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்து வீட்டில் படுத்துவிடாதீர்கள். இதைப் போலவே கண் நரம்பையும் முதுகுத்தண்டையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற வேறு நோய் என்று தவறாக நினைத்துக் கொடுக்கும் சில மருந்துகள் இதை மோசமாக்கும் என்பதால், எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அவருக்கு ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றினோம். இப்போது நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரை தொடர்கிறது. நன்றாக இருக்கிறதே என்று இடையில் நிறுத்தியவர்கள் மறுபடி வரும்போது சிலர் சக்கர நாற்காலியில் வந்திருக்கிறார்கள். அதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

நான் கேட்காமலிருந்தால் அந்த விக்கலை அவர் சொல்லியிருக்க மாட்டார். கண் மங்கலென்று வந்தவர் விக்கலைப் பற்றி ஏன் பேசப்போகிறார்?