கிட் வாங்கியாச்சு, கூலி மட்டும் சொல்லுங்க!

ஏப்ரல் 15 பிறந்ததும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரையில் விசைப்படகெல்லாம் வரிசையாக நங்கூரம் போட்டுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, எஞ்சின் இறக்குவது எல்லாம் அதற்குள்தான். படகு எஞ்சின் பட்டறைக்காரர்களான எங்களுக்குப் பிழைப்பே அந்த இரண்டு மாதம் என்பதால் வருகிற ஆளைக் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் இந்தத் தடைக்காலம் முடிவதற்குள் என் பொறுமை முடிந்துவிட்டது. பட்டறைப் படி ஏறும்போதே ஆளாளுக்கு ஒரே வசனம்: "அண்ணே, கிட் வாங்கியாச்சு. கூலி மட்டும் சொல்லுங்க."

எஞ்சின் இன்னும் படகில்தான் இருக்கிறது. மேல்மூடியான ஹெட்டைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே எது தேய்ந்தது, எது விரிந்தது, எதை உப்பு தின்றது என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் பிஸ்டன், அது ஓடும் குழலான லைனர் என்று கிட் சாமான் வாங்கி, பில் போட்டு, சாக்குப் பையில் கட்டிக் கொண்டுவந்தாயிற்று.

கடைசியாக வந்தவரின் கதையைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். நீலப் புகை, ஆயில் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. வீட்டு நகையை அடகு வைத்து மதுரையில் கிட் வாங்கியிருக்கிறார். கூடவே ஸ்டாண்டர்டு சைஸில் மெயின் மெட்டலும் பிக் எண்ட் மெட்டலும், அதாவது கிராங்கைத் தாங்கும் பேரிங்குகள். "எப்படியும் மாத்தத்தானே போறீங்க" என்று கடையில் எடுத்து வைத்துவிட்டார்களாம். பிரித்து மைக்ரோமீட்டர் வைத்தால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஓவல் அடித்திருக்கிறது. இருபது தௌ, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர், அரைத்தால்தான் உருண்டைக்கு வரும். அரைத்த கிராங்குக்கு ஸ்டாண்டர்டு மெட்டல் சேராது. பாக்கெட் பிரித்த மெட்டலைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவும் மாட்டார். ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே விரிசல். லைனரை உருவினால், பிளாக்கில் ஓ-ரிங் உட்காரும் இடம் அரித்துப் பள்ளமாகக் கிடக்கிறது.

கையிலிருந்த பணமெல்லாம் வேண்டாத சாமானாகப் பையில் கிடக்கிறது. வேண்டிய சாமானுக்குப் பணம் இல்லை. "இருக்கிறதைப் போட்டு மாட்டிடுங்கண்ணே, ரெண்டு தடவை கடலுக்குப் போய்ப் பாடு பார்த்துட்டு மத்ததைச் செஞ்சுக்கலாம்" என்றார். நான் மாட்ட மறுத்தேன். வேறு பட்டறையில் மாட்டிக்கொண்டார். தடை முடிந்து கடலுக்குப் போன சில நாளிலேயே ஆயில் பிரஷர் விழுந்து, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்தக் கிராங்க் இப்போது அரைப்பதற்கும் லாயக்கில்லை.

பணம் போனதோடு முடிந்தால் பரவாயில்லை. ஜூன் மாதத்தில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பும். எஞ்சின் செத்த படகை அது வடகிழக்கே தள்ளும். ராமேஸ்வரத்துக்கு வடகிழக்கே என்ன இருக்கிறது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1974இல் இலங்கையோடு போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. எஞ்சின் நின்றதால் வந்தோம் என்று சொன்னால் கேட்பதற்கும் ஆள் இல்லை. படகை நாட்டுடைமை ஆக்கிவிட்டால் கிட்டும் போச்சு, கிராங்கும் போச்சு, அடகு வைத்த நகையும் போச்சு.

சரி, கிட் என்றால் என்ன? பிஸ்டன், ரிங், பின், சர்க்ளிப், லைனர். அவ்வளவுதான் ஐயா. அதில் மெட்டல் கிடையாது. முழு கேஸ்கெட் செட் கிடையாது. வால்வு, கைடு, சீட் எதுவும் கிடையாது. கனெக்டிங் ராட் புஷ் கிடையாது. ஆயில் பம்ப், தண்ணீர் பம்ப், ஆயில் சீல், பில்டர் கிடையாது. கிராங்க் அரைக்கிற கூலி, ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் பண்ணி ஃபேசிங் எடுக்கிற கூலி, பம்ப் கேலிபரேஷன், நாசில், கடைசியில் ஊற்றுகிற ஆயில், எஞ்சினைப் படகிலிருந்து தூக்கி இறக்குகிற கிரேன் வாடகை, இதெல்லாம் கிட் பெட்டிக்குள் இருக்கிறதா? லைனருக்குள் நடந்த தேய்மானம் மட்டும்தான் கிட்டுக்குத் தெரியும். கிராங்க் பக்கம், ஹெட் பக்கம், தண்ணீர் பக்கம், டீசல் பக்கம் என்று எஞ்சினுக்கு இன்னும் நாலு பக்கம் இருக்கிறது. "கிட் போட்டா எஞ்சின் புதுசு" என்று டீக்கடையில் சொல்கிறவருக்கு இந்த நாலு பக்கமும் கண்ணில் படுவதே இல்லை.

என் கைக்கணக்கு இது. கிட் விலையை ஒரு பங்கு என்று வையுங்கள். ஒழுங்காகச் செய்த ஆறு சிலிண்டர் வேலை இரண்டு பங்குக்குக் கீழே முடிந்து நான் பார்த்ததில்லை. கிராங்க், ஹெட், பிளாக் மூன்றில் ஒன்று கையை விரித்தால் மூன்று பங்கைத் தாண்டும். கிட் விலைக்குக் கூலியை மட்டும் கூட்டி ஒருவர் எஸ்டிமேட் சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் ஆட்களில் சிலர் வேலையைப் பிடிப்பதற்காகக் குறைத்துச் சொல்லி, எஞ்சினைப் பிரித்துப் போட்ட பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள். பிரித்துப் போட்ட எஞ்சினை எடுத்துக்கொண்டு எங்கே போவீர்கள்?

படகுக்காரர்களுக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்தேன். துபாயில் கராஜ் வேலை பார்க்கும் என் மருமகன், அங்கேயும் இதே கதைதான் மாமா என்கிறான். அவன் பிரிப்பது மாஸ்டா காரின் ரோட்டரி எஞ்சின். அதில் பிஸ்டனே கிடையாது. முக்கோண ரோட்டார் சுற்றுகிறது. மூன்று முனையிலும் ஏபெக்ஸ் சீல், மூலைக்கு மூலை கார்னர் சீல், இரு பக்கமும் சைடு சீல். இரண்டு ரோட்டார் எஞ்சின் என்றால் ஏபெக்ஸ் சீல் மட்டும் ஆறு. கம்ப்ரஷன் குறைந்ததும் ஓனர் செய்கிற முதல் காரியம் சீல் கிட் ஆர்டர் போடுவது. எஞ்சினைத் திறந்தால் சீல் உரசி ஓடும் ஹவுசிங்கில் குரோம் பூச்சு உரிந்து கிடக்கும். அதன் மேல் புதுச் சீலைப் போட்டால் அதையும் அது அரைத்துத் தின்னும். நம் எஞ்சினில் லைனரை உருவிப் போட்டுவிட்டுப் புதிது இறக்கலாம். அங்கே பெரும்பாலும் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். பக்கத்து இரும்பு ஹவுசிங்குகளில் படி விழுந்திருந்தால் அதற்குத் தனிச் செலவு. ஹவுசிங்கை அளக்காமல் சீலுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கும் தொண்டை வற்றிவிட்டது.

ஆகவே பணத்தை எடுக்கிற வரிசையை மாற்றுங்கள். முதல் பணம் பிரிப்பதற்கும் அளப்பதற்கும் மட்டும். அது சின்னத் தொகை. லைனரில் போர் கேஜ், கிராங்கில் மைக்ரோமீட்டர், ஹெட்டுக்குப் பிரஷர் டெஸ்ட், கிராங்குக்கு விரிசல் டெஸ்ட். அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாய்க்கணக்கை நம்பாதீர்கள், அது என் வாயாக இருந்தாலும். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் மெட்டல் எந்த சைஸ், கிட் வேண்டுமா, ரிங் மட்டும் போதுமா என்ற பேச்சே. சில எஞ்சினில் லைனர் நன்றாக இருந்து, வால்வு கைடு வழியாகத்தான் ஆயில் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்குக் கிட் வாங்கியவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, தேய்ந்ததற்கான காரணம். அதை எஸ்டிமேட்டில் யாருமே எழுதுவதில்லை. நம் பக்கத்தில் முக்கால்வாசி காரணம் தண்ணீர் சுற்றுதான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சோதித்துப் பார்ப்பதற்கு மண்டபத்தில் இடம் வைத்திருக்கிறார்கள் என்றால் நம் காற்றின் லட்சணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கடல் தண்ணீரை வைத்து எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்சேஞ்சர் குழாயில் உப்பும் சிப்பியும் அடைத்தால் எஞ்சின் சூடு ஏறும். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஆயிலில் மெட்டலும் ரிங்கும் தேயும். அடைத்த ஹீட் எக்சேஞ்சரை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கிட் இறக்கினால் அதுவும் அதே வழியில்தான் போகும். குழாயைக் குத்திச் சுத்தம் செய்யவும், கடல் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை மாற்றவும், ஜிங்க் கட்டை போடவும் ஆகிற பணம், கிராங்க் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மற்ற உலோகத்துக்குப் பதிலாக அரிபடத்தான் ஜிங்க் கட்டை, அது கரைந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். "கரைஞ்சு போயிடுச்சு, இனி எதுக்கு அதைப் போட்டுக்கிட்டு" என்று கேட்ட புண்ணியவானும் உண்டு.

எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றுகிற இடத்தில் அவசரத்துக்குக் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. லைனரின் வெளிப்பக்கம் ஊசி குத்தியதுபோல் துளைத்திருப்பது உங்கள் கைங்கரியம்தான்.

டீசல் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்கோ பம்ப் என்று நாம் சொல்லும் இன்ஜெக்ஷன் பம்பையும் நாசிலையும் டெஸ்ட் பண்ணாமல் புது ரிங் போடாதீர்கள். சொட்டுகிற நாசில், லைனர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். புது ரிங்கின் ஆயுள் அங்கேயே முடிந்தது.

பெரிய முடிவு ஒன்று இருக்கிறது. பிளாக், கிராங்க், ஹெட், இந்த மூன்றில் இரண்டு போய்விட்டதாக அளவுத்தாள் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வேறு எஞ்சின் என்ன விலை என்று விசாரியுங்கள். ஆசைப்பட்டு வாங்கிய எஞ்சின், அப்பா காலத்து எஞ்சின் என்பதெல்லாம் சரி, ஆனால் செத்த பிளாக்குக்குள் நல்ல பணத்தைக் கொட்டாதீர்கள். லாரியிலிருந்து கழற்றிய பழைய எஞ்சினை எடுப்பதாக இருந்தால் அதையும் பிரித்து அளந்துதான் எடுக்க வேண்டும். கேன் டீசலில் தரையில் வைத்து ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவதைப் பார்த்து மயங்காதீர்கள். சுமை இல்லாமல் எந்த எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும். வலை இழுக்கும்போது தெரியும் சங்கதி.

எஸ்டிமேட் கைக்கு வந்த பிறகு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். எஞ்சினை வெளியே எடுத்த பிறகுதான் கியர் பாக்ஸ் ஆயில் சீல், ஷாஃப்ட் கப்ளிங், பவுண்டேஷன் ரப்பர், ஸ்டெர்ன் டியூப் எல்லாம் வரிசையாகக் கைநீட்டும். ஒதுக்கியது மிஞ்சினால் நல்லது, வலைக்கு ஆகும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அது அரிசி பருப்புக்கு, அதில் கை வைக்காதீர்கள். மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியாமலில்லை. இறால் கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கினால் அடைக்கிற வரைக்கும் அவர்கள் சொன்ன விலைக்குத்தான் பிடித்ததைப் போட வேண்டும். அப்படி வாங்கிய பணத்தில் சேராத மெட்டலை வாங்கி வைத்தால் வயிறு எரிகிறது எனக்கு.

காலக் கணக்கும் பணக் கணக்குதான். திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஒரே நாளில் தடை தொடங்குகிறது. எல்லாருடைய கிராங்கும் ஒரே நேரத்தில் அரைக்கப் போகிறது. மே கடைசியில் எஞ்சினைப் பிரித்தால் மிஷின் கடையில் வரிசையில்தான் நிற்க வேண்டும். அவசரத்தில் கிடைத்த சாமானைக் கிடைத்த விலைக்கு வாங்குவீர்கள், அதில் டூப்ளிகேட்டும் கலந்துவிடும். படகு நின்ற முதல் வாரமே ஹெட்டைத் திறந்துவிடுங்கள். ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி எழுத்து, பாதி விலை என்றால் அது ஒரிஜினல் இல்லை. பில் தராத கடையில் மெட்டலும் ரிங்கும் வாங்கவே வாங்காதீர்கள்.

பிக் எண்ட் போல்ட், ஹெட் கேஸ்கெட் இரண்டிலும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். "பழசே நல்லாத்தானே இருக்கு" என்பதை இந்த இரண்டைப் பற்றி மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

மாட்டி முடித்த பிறகு படகைத் துறையிலேயே கட்டி வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆயில் பிரஷர், தண்ணீர்ச் சூடு, எஞ்சின் மூச்சுக்குழாயான பிரீதரில் புகை, மூன்றையும் டிரைவர் எழுதி வைக்கட்டும். முதல் தடவை கடலுக்குப் போகும்போதே முழு வலையை இழுக்க வேண்டாம். முதல் ஆயிலைச் சுமார் 50 மணி நேரத்தில் இறக்கி, அதில் உலோகத் தூளின் மினுக்கு ஏதும் இருக்கிறதா என்று துணியில் வடிகட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் பட்டறையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெட்டல் இப்போது எந்த சைஸில் இருக்கிறது என்று பெயிண்டால் பிளாக்கிலேயே எழுதச் சொல்லுங்கள். தாள் தொலையும், மெக்கானிக்கும் மாறுவார்.